தேவதைப் பட்டம் வேண்டாம். எட்டு மணி நேரம் வேண்டும்!

"அண்ணாச்சி, சேதி தெரியுமா? மூத்தவ ஆஸ்பத்திரி வேலைக்குச் சேந்துட்டா!"

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தருகே தேநீர்க் கடை. சொன்னவர் விசைத்தறித் தோழர். முப்பது ஆண்டுகளாகத் தறிச் சத்தத்திலே வாழ்ந்து பாதிச் செவி போய்விட்டவர். ஆகையால் எதையும் உரக்கத்தான் சொல்லுவார். கடையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தனர். அவருக்கு அது பிடித்திருந்தது என்பதும் தெரிந்தது.

மகிழ்ந்தேன். மகிழாமல் இருக்க முடியுமா! பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். தாய் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். மகளோ, மேல்நிலைப் பள்ளியிலே செவிலியத்தைத் தொழிற்பாடமாக எடுத்துப் படித்துத் தேறி, இன்று வெள்ளுடை போட்டுக் கொண்டு பேருந்து ஏறுகிறாள். இதற்காகத்தானே இத்தனை காலம் மேடை போட்டோம், தொண்டை கட்டக் கத்தினோம்!

"என்ன வேலை, அண்ணாச்சி?"

"நர்சுக்கு உதவியா நிக்கணுமாம். நர்சிங் அசிஸ்டெண்டுன்னு பேரு."

"நேரம்?"

"காலைல எட்டுக்குப் போனா ராத்திரி எட்டு. ஒரு வாரம் பகலு, ஒரு வாரம் ராத்திரி."

தேநீர்க் குவளை என் கையிலேயே நின்றது. பன்னிரண்டு மணி நேரம்! கூலி உயர்வுக்காக இந்த ஊர்த் தறிக்காரர்கள் வீதிக்கு வந்த காலங்களிலெல்லாம் முன்வரிசையிலே கொடி பிடித்து நின்ற மனிதர் இவர். அவரைக் கேட்டேன்: "தறிக்கூடத்திலே ஒரு மணி கூடுதலாகப் பிடித்தால் சங்கத்துக்கு ஓடி வருவீர்களே, மகளுக்குப் பன்னிரண்டு மணி என்றார்களே, ஒரு வார்த்தை கேட்கவில்லையா?"

அவர் சிரித்தார். "அது தறி அண்ணாச்சி. இது சேவைல்லா! நர்சம்மாவத் தெய்வம்னுல்லா சொல்லுதாவ!"

தோழர்களே, அந்த ஒரு சொல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. தெய்வம்!

தெய்வம் எப்படி வாழ்கிறது என்பது சங்கரன்கோவில்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓங்கிய கோபுரம். காலையிலே பள்ளியெழுச்சி. வேளை தவறாத நைவேத்தியம். உச்சிப் பொழுது கழிந்ததும் நடை சாத்தி ஓய்வு. இரவானதும் பள்ளியறைக்கு அனுப்பி, விளக்கைத் தணித்து, கதவையும் சாத்திவிடுகிறார்கள். ஆடித் தபசு வந்தால் அம்மன் ஒற்றைக் காலிலே தவம் நின்ற கதையைச் சொல்லி, ஊர் கொள்ளாத கூட்டம் கூடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை தவம், பிறகு வரமும் காட்சியும், மீண்டும் மஞ்சத்தில் துயில்!

இந்தப் பெண்ணையும் தெய்வம் என்கிறார்கள். சரி, தெய்வத்துக்குள்ள சலுகையைக் கொடுத்தார்களா? நைவேத்தியம் வேளைக்கு உண்டா? நடை சாத்துகிற நேரம் உண்டா? பள்ளியறை உண்டா? அம்மன் நின்றது ஒற்றைக் காலில் ஒரு தவம். இவள் நிற்பது இரண்டு காலிலும் நாள்தோறும் தவம். தவத்தின் முடிவில் காட்சி கொடுக்கச் சங்கரனும் வரவில்லை, நாரணனும் வரவில்லை; சூப்பர்வைசர்தான் வருகிறார், "ஆறாம் நம்பர் கட்டிலுக்குப் பெட்ஷீட் மாத்தலையா?" என்று கேட்டுக் கொண்டு!

பக்தியுள்ள தோழர்கள் கோபிக்க வேண்டாம். புற்று மண்ணைப் பூசிப் பார்த்துவிட்டு, தீராதபோது ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறவர்களும் இந்தப் பெண்ணின் கையிலேதான் உடம்பை ஒப்படைக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

அடுத்த ஞாயிறன்று தோழர் வீட்டுக்குப் போனேன். அந்த மாதத்தில் அவளுக்குக் கிடைத்த இரண்டாவது ஓய்வு நாள். ஆஸ்பத்திரி பக்கத்து ஊரிலுள்ள தனியார் ஆஸ்பத்திரி. பெயரை எழுதப் போவதில்லை. அந்த வேலை அவளுக்கு வேண்டும்.

"எப்படி இருக்கிறதம்மா வேலை?" என்றேன்.

"பரவால்ல சித்தப்பா. காலுதான்..." என்று சொல்லிவிட்டுப் பாவாடையைச் சற்று இழுத்துக் கணுக்காலை மறைத்துக் கொண்டாள். வீங்கியிருந்தது.

மெள்ள மெள்ளத்தான் சொன்னாள். எட்டு மணிக்கு வேலை என்றால் ஏழு ஐம்பதுக்கே நிற்க வேண்டும். இரவு முறையில் இருந்தவள் எந்தக் கட்டிலில் யார், யாருக்கு என்ன என்று ஒப்படைத்துப் போவாள். பிறகு படுக்கை விரிப்பு மாற்றுவது. எழுந்திருக்க முடியாதவர்களுக்கு மலம் எடுக்கும் தட்டு வைப்பது, எடுப்பது, கழுவுவது. சிறுநீர்ப் பையில் எத்தனை மில்லி என்று அளந்து எழுதுவது. வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்து விடுவது. காய்ச்சல் எத்தனை, நாடி எத்தனை, இரத்த அழுத்தம் எத்தனை என்று குறிப்பது. பக்கவாதத்தில் படுத்துவிட்டவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடுவது. புரட்டாவிட்டால் முதுகிலே புண் வந்துவிடும். இதற்கிடையே ஸ்கேன் எடுக்கச் சக்கர நாற்காலி தள்ள வேண்டும், இரத்தம் வாங்கி வர ஓட வேண்டும், சொட்டு மருந்துப் பாட்டில் தீர்கிறதா என்று ஒரு கண் அங்கேயே இருக்க வேண்டும்.

குப்பையிலும் நிறம் பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி, சீழும் இரத்தமும் தோய்ந்த கட்டுத்துணி மஞ்சளில், பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்பில், ஊசியும் கத்தியும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடி நீலத்தில். நமக்கும் நிறத்திலே நம்பிக்கை உண்டு. நாம் தவறினால் கொடிதான் மாறும். அவள் தவறினால் குப்பை அள்ளுகிற தொழிலாளியின் விரலிலே ஊசி ஏறும்.

அங்கே பத்தாண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிற அம்மையார் ஒருவர் இருக்கிறாராம். முதல் வாரம் முழுதும் அவர்தான் பள்ளிக்கூடம். "ஏட்டி, குத்துன ஊசிய மூடி போட்டுத் திருப்பி மூடாத, கைல ஏறிரும், அப்படியே பெட்டில போடு." "ஆளத் தூக்கும்போது இடுப்ப வளைக்காத, முட்டிய மடக்கு. இல்லன்னா முப்பது வயசுல எந்திரிக்க மாட்ட." "ஒவ்வொரு ஆளத் தொட்டதுக்கும் பொறவு கையக் கழுவு. யாரும் பாக்கலன்னாலும் கழுவு."

அந்தக் கை கழுவும் கதையைக் கேளுங்கள். 1847-இல் வியன்னா நகரத்து மருத்துவமனையிலே பிரசவித்த தாய்மார்கள் காய்ச்சல் கண்டு கொத்துக் கொத்தாக மாண்டனர். செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு வந்து பிரசவம் பார்ப்பதுதான் காரணமோ என்று ஐயுற்று, குளோரின் கலந்த நீரிலே கையைக் கழுவிவிட்டு உள்ளே வா என்று ஆணையிட்டார். சாவு மளமளவென்று குறைந்தது. பெரிய டாக்டர்களுக்கோ கோபம்: எங்கள் கை அழுக்கா? கனவான்களின் கை அழுக்காக இருக்க முடியுமா? அவரைத் தூற்றினர், விரட்டினர். 1865-இல் மனநோய் விடுதியிலே மாண்டு போனார். இன்று அவர் சொன்னதை ஒரு நெல்லைச் சீமைப் பெண், இன்னொரு பெண்ணுக்கு, "ஏட்டி, கையக் கழுவு" என்று சொல்லித் தருகிறாள். பகுத்தறிவு இப்படித்தான் நடந்து வருகிறது, சில சமயம் செருப்பில்லாமல்.

நான் ஒன்று கேட்டேன். "மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டார்களா அம்மா?" ஹெபடைடிஸ் பி என்ற அந்த நோய் இரத்தத்தின் வழியே பரவும்; அதற்கான ஊசி மூன்று தவணை; முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். இரத்தத்தைத் தொடுகிற வேலைக்கு வருகிறவருக்கு முதலில் போட வேண்டியது அது.

"கேக்கல சித்தப்பா."

கேட்கவில்லை! யாரும் சொல்லவில்லை, ஆகவே அவள் கேட்கவில்லை. தெய்வத்துக்கு எதற்குத் தடுப்பூசி!

இன்னொன்றும் சொன்னாள்; அதைச் சொல்லும்போது தாயின் பக்கம் திரும்பிக் கொண்டாள். வேலை நேரத்தில் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும். போனால் அந்த நேரத்தில் மணி அடிக்கும். அடித்தால் ஆளில்லை என்று ஏச்சு வரும். ஆகையால் காலையில் வீட்டில் குடித்தது, இரவு வீட்டில்தான். நோயாளி எத்தனை மில்லி குடித்தார், எத்தனை மில்லி கழித்தார் என்று மணிக்கணக்கில் எழுதி வைக்கிறவள் இவள்! இவளுக்கு அந்தக் கணக்கை எழுத எந்த ஏடும் இல்லை. மூத்த அம்மையாரும் இதிலே மட்டும் அறிவுரை சொல்லவில்லையாம், "பழகிரும்" என்றாராம்.

முதல் மாதத்திலேயே ஒரு சாவு. எழுபது வயது மூதாட்டி. மகன் வெளியூர். கடைசி நேரத்தில் இவள் கையைப் பிடித்துக் கொண்டாளாம், விடவில்லையாம். உயிர் போன பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, உடலைத் துடைத்து, தாடையைக் கட்டி, துணி போர்த்தி அனுப்பினாள். "அழுதியா?" என்று தாய் கேட்டாள். "நேரமில்லம்மா. அரை மணி நேரத்துல அந்தக் கட்டிலுக்கு வேற ஆளு வந்துட்டு."

தறித் தோழர் அதுவரை வாசலைப் பார்த்துக் கொண்டிருந்தவர், எழுந்து உள்ளே போனார்.

இப்போது நாம் நிதானமாகச் சிந்திக்கலாம். சேவை என்ற சொல் எங்கிருந்து வந்தது? இந்த நாடு "தொடாதே" என்று சொல்லிப் பழகிய நாடு. மனிதனைத் தொட்டால் தீட்டு, பிணத்தைத் தொட்டால் தீட்டு, பிள்ளை பெற்றவளைத் தொட்டால் தீட்டு. அப்படிப்பட்ட நாட்டிலே நோயாளியின் மலத்தையும் சீழையும் தொடுகிற வேலைக்கு யார் வருவார்? மேல்தட்டு வீடுகளிலிருந்து வரவில்லை. நெடுங்காலம் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் கிறித்துவப் பெண்களுமே பெரும்பாலும் வந்தனர். பிள்ளை பிறந்த வீட்டிலே தொப்புள்கொடி அறுத்த மருத்துவச்சியைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திக் கூலியைத் தூர நின்று போட்ட ஊர்கள் இவை. அந்த இழிவு இன்று உருமாறி வந்திருக்கிறது. அன்று "தீண்டாதே" என்று தள்ளி வைத்தார்கள். இன்று "தெய்வமே" என்று தூக்கி வைக்கிறார்கள். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான்: பக்கத்தில் உட்கார்ந்து கூலி பேச முடியாது!

உலகமே கும்பிடுகிற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை எடுத்துக் கொள்ளுங்கள். அவர் பிறந்த மே 12-ஐத்தான் செவிலியர் நாள் என்று கொண்டாடுகிறோம். கிரீமியப் போரில் இரவெல்லாம் விளக்கேந்தி நடந்த தாய் என்று படம் போடுகிறார்கள். படம் சரி. ஆனால் அந்த அம்மையார் விளக்கை மட்டும் ஏந்தவில்லை, கணக்கேட்டையும் ஏந்தினார். போரிலே குண்டடியால் செத்தவனைவிட, சாக்கடையாலும் அழுக்காலும் நோயாலும் செத்தவன் அதிகம் என்று எண்ணிக் காட்டினார். வரைபடம் போட்டு ஆளவந்தார்களின் மேசைமேல் வைத்தார். விளக்கை நினைவில் வைத்தவர்கள் கணக்கை வசதியாக மறந்துவிட்டார்கள்!

நாமும் கணக்கே போடுவோம். நாளுக்குப் பன்னிரண்டு மணி, வாரத்துக்கு ஆறு நாள்: 72 மணி நேரம். டாக்டர் அம்பேத்கர் அன்றைய அரசிலே தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது, 1946-இல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி வாரத்துக்கு 54 மணி என்பதை 48 ஆக்கினார்கள். அந்த 48-ஐத் தாண்டி இந்தப் பெண் தருவது 24 மணி. எட்டு மணிக் கணக்கில் மூன்று முழு நாள்! வாரந்தோறும் மூன்று நாள் உழைப்பு எங்கே போகிறது? "சேவை" என்ற உண்டியலிலே விழுகிறது. உண்டியல் சாவி யாரிடம் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டுமா?

இந்தச் சீமைக்காரனுக்கு நேரத்துக்காகப் போராடுவது புதிதல்ல. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில்லிலே, வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சைக் கேட்டுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வும், வேலை நேரக் குறைப்பும், ஞாயிறு விடுமுறையும் பெற்ற பிறகுதான் மீண்டும் உள்ளே போனார்கள். 1918 ஏப்ரலில் சென்னையில் வாடியாவும் செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, முதலில் எழுந்த கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? பகல் சாப்பாட்டுக்கு விட்ட அரை மணியை நாற்பது நிமிடமாக்கு என்பது! பத்து நிமிடம்! ஓடிப்போய் அள்ளிப் போட்டுக் கொண்டு ஓடிவர வேண்டாம், உட்கார்ந்து மென்று தின்ன விடு என்று கேட்டார்கள். நம் பெண்ணின் சோற்றுப் பொட்டலம் பல நாள் மாலை நான்கு மணிக்குத்தான் பிரிகிறது. சில நாள் வீட்டுக்கே திரும்பி வருகிறது. 1923 மே முதல் நாள், சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். இந்நாட்டிலே அதுவே முதல்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2023 ஏப்ரல் 21. தொழிற்சாலைகளிலே பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்கிற சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்திலே நிறைவேறிற்று. கொண்டு வந்தது கழக ஆட்சிதான், மறைப்பானேன்? தோழமைக் கட்சிகள் எதிர்த்தன. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, நம் சங்கமும் வாய் மூடி இருக்கவில்லை. மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே நாளன்று, திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அன்று தேநீர்க் கடையிலே இனிப்பு வாங்கிக் கொடுத்தவர் யார் தெரியுமா? நம் தறித் தோழர்! "பன்னிரண்டு மணிய ஒழிச்சுட்டோம்லா!" என்றார். இயந்திரத்தின் முன் நிற்பவனுக்குப் பன்னிரண்டு மணி கொடுமை. மனித உயிரின் முன் நிற்பவளுக்கு?

கூடுதல் நேரம் அவள் காலை மட்டும் வீங்க வைப்பதில்லை. அமெரிக்காவில் 393 செவிலியரைத் தங்கள் வேலையை நாள்தோறும் குறிக்கச் சொல்லி, 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ வேலை நீண்டபோது பிழை நேரும் வாய்ப்பு மூன்று மடங்காவதைக் காட்டிற்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, இரவு முறை வேலையைப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவற்றின் பட்டியலிலே 2007-இல் வைத்தது. 2019-இல் மீண்டும் ஆராய்ந்து அங்கேயே வைத்தது. ஆகவே கட்டிலில் படுத்திருக்கும் முதலாளியே, நாளைக்கு உமக்கு மாரடைப்பு வந்து, பதினோராவது மணி நேரத்திலே நிற்கிற ஒரு பெண் உம் கட்டிலுக்கு வரும்போது, அவள் விழித்திருக்க வேண்டும் என்று நீரும் விரும்புவீர் அல்லவா?

ஆஸ்பத்திரி நடத்துகிற நண்பர் ஒருவரிடம் இதைப் பேசினேன். நல்லவர், ஏழைகளிடம் குறைத்து வாங்குகிறவர். அவர் சொன்னார்: "இரண்டு முறையை மூன்றாக்கினால், இரண்டு ஆள் நிற்கிற இடத்தில் மூன்று ஆள் வேண்டும். சம்பளச் செலவு ஒன்றரை மடங்கு. சிறிய ஆஸ்பத்திரி தாங்குமா?" அவர் கணக்கிலே பிழையில்லை. ஒப்புக் கொள்கிறேன். ஆனால் மில் முதலாளியும் இதே கணக்கைத்தான் காட்டினான். ஞாயிறு விடுமுறை கொடுத்தால் ஆலை மூழ்கும் என்றான். மூழ்கவில்லையே! அதோடு, ஆஸ்பத்திரியின் வருமானம் முழுவதும் நோயாளியின் மடியிலிருந்துதான் வருகிறதா? 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து, பெயர்கள் மாறினாலும், அரசின் காப்பீட்டுப் பணம் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது மக்கள் பணம். தறித் தோழரின் பணமும் அதிலே உண்டு. காப்பீட்டுப் பட்டியலில் இடம் வேண்டுமா, எட்டு மணி நேர முறையைக் காட்டு, சம்பளப் பட்டியலைக் காட்டு, தடுப்பூசிப் பதிவேட்டைக் காட்டு என்று அரசு கேட்கலாமே! கட்டில் எத்தனை என்று எண்ணுகிறவர்கள், கட்டிலருகே நிற்கும் கால்களையும் எண்ணட்டும். சிறிய ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் தொகை தேவையென்றால் அதையும் பேசித் தீர்மானிக்கட்டும்.

சட்டம் செய்ய நமக்குத் தெரியாததல்ல. செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்து அவர்கள் தொழிலுக்குத் தகுதி தந்த சென்னைச் சட்டம் 1926-இலே, நீதிக்கட்சியின் பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த காலத்திலே வந்தது. கடைகளிலே நாளெல்லாம் நிற்கிற ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்திலே வந்தது. துணிக்கடைப் பெண்ணுக்கு நாற்காலி கேட்ட நாடு, நோயாளி அறைக்கு வெளியே ஒரு முக்காலி கேட்கக் கூச்சப்படலாமா?

பதிவு பெற்ற செவிலியர் பாடே திண்டாட்டமாக இருந்ததைப் பார்த்தோம். 2015-இல் தேர்வெழுதி அரசுப் பணிக்கு வந்தவர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் நிரந்தரம் என்று நம்பி வந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை மருத்துவத் துறை வளாகத்திலே ஆயிரக்கணக்கில் தரையில் உட்கார்ந்தார்கள். அ.தி.மு.க. ஆட்சியைச் சாடி அன்று நாம் பேசினோம். சரிதான். கொரோனா காலத்திலே ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட செவிலியருக்கு 2022 டிசம்பர் 31-ஓடு பணி முடிந்தது என்றபோது, ஆட்சியில் இருந்தது நாம். அன்றும் அவர்கள் தெருவிலே உட்கார்ந்தார்கள். தட்டு தட்டி, விளக்கேற்றி, கை தட்டி வாழ்த்திய அதே கைகள் எங்கே போயின என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு மேடையிலே பதில் சொல்ல எனக்குத் தொண்டை வரவில்லை. இன்றும் அதை எழுதத்தான் முடிகிறது.

உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன்பேரில் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது செவிலியருக்கு. செவிலியருக்கு உதவியாளர் என்று நிற்கும் நம் பெண்ணுக்கு? அவளுக்குக் கையெழுத்துப் போட்ட நியமனத் தாளே இல்லை. "நாளைலருந்து வா" என்றார்கள், போனாள்.

செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை வழியே மலையேறி இறங்கினால் கேரளம். அங்கே தனியார் ஆஸ்பத்திரிச் செவிலியர் 2011-இல் சங்கம் கண்டார்கள். அடுத்த ஆண்டே வேலைநிறுத்தம் செய்து நாட்டை உலுக்கினார்கள். கேரளத்து ஆஸ்பத்திரி முதலாளிகளும் "சேவை, சேவை" என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெண்கள் சொன்ன பதில் சுருக்கமானது: சேவை எங்களுடையது, சம்பளம் எங்கே? மலைக்கு அந்தப்புறம் கேட்கிற குரல் இந்தப்புறம் கேட்கவில்லையென்றால் குறை மலையின்மேல் அல்ல.

இங்கே சங்கம் வைத்திருக்கிற ஆண் தோழர்களிடம்தான் நான் பேசுகிறேன். உங்கள் வீடுகளிலிருந்து எத்தனை பெண்கள், எத்தனை பையன்களும்கூட, இப்படி வெள்ளுடை போட்டுக் கொண்டு விடியற்காலையில் பேருந்து ஏறுகிறார்கள் என்று கிளைக் கூட்டத்திலே கேட்டுப் பாருங்கள். கட்டணமில்லாப் பேருந்து 2021-இல் வந்தது, அவர்களை வேலைக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது, நல்ல காரியம். வேலை முடிந்து திரும்பும் நேரம் பற்றி நம் தீர்மானங்களில் எத்தனை வரி இருக்கிறது? நான் பழைய தீர்மானங்களைப் புரட்டினேன். பஞ்சாலை இருக்கிறது, தறி இருக்கிறது, பீடி இருக்கிறது, தீப்பெட்டி இருக்கிறது. ஆஸ்பத்திரி உதவியாளர் என்ற சொல் நம் கிளையின் ஏட்டிலே ஒரு முறைகூட இல்லை. அந்தத் தீர்மானங்களில் பலவற்றை எழுதியவன் நான்.

அன்று புறப்படும்போது தறித் தோழர் வாசல் வரை வந்தார்.

"நான் என்ன செய்யணும் அண்ணாச்சி? போய்ச் சண்ட போட்டா வேலைய விட்டுத் தூக்கிருவாவ."

"சண்டை வேண்டாம். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சாப்பிட்ட நேரம். மூன்றை மட்டும் நாள்தோறும் எழுதட்டும். கூட வேலை செய்கிற பெண்களிடமும் சொல்லச் சொல்லுங்கள். தடுப்பூசியை அரசு ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்ப்போம், நான் வருகிறேன்."

வாங்கிக் கொடுத்தார். போன வாரம் கிளைக் கூட்டத்துக்கு அந்த நோட்டைச் சட்டைக்குள் மறைத்து எடுத்து வந்தார். நாற்பது பக்க நோட்டு. அட்டையிலே பள்ளிப் பிள்ளைகளுக்கான வாய்ப்பாடு. நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருள் என்று தலைவர் முணுமுணுத்தார். தோழரோ எழுந்து நின்று, கண்ணாடியை மூக்கிலே சரி செய்து கொண்டு, வழக்கம் போல் உரக்க வாசிக்கத் தொடங்கினார்:

"திங்கள். போனது ஏழு அம்பது. சாப்பாடு நாலு அஞ்சு. வந்தது எட்டு நாப்பது. செவ்வாய். போனது ஏழு அம்பது. சாப்பாடு இல்ல. வந்தது ஒம்பது பத்து. புதன்..."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "அண்ணாச்சி, எம்மவளும் அங்கதான் இருக்கா, அவளும் எழுதட்டுமா?" என்றார்.